காவல் நாயின் தோலைக் கவனியுங்கள்!

களத்து மேட்டில் நெல் குவிந்து கிடக்கும் இரவில் நம்மால் நிம்மதியாகக் கண் மூட முடிகிறதென்றால், அதற்கு வாசலில் படுத்திருக்கும் நாயும் ஒரு காரணம். ஆட்டுப் பட்டிக்கு நரி வந்தாலும், கடலைக் காட்டுக்குப் பன்றி வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். மாடு ஒரு நாள் அசை போடவில்லை என்றால் கால்நடை மருந்தகத்துக்கு ஓடுகிறோம். கோழி தூங்கி விழுந்தால் கவலைப்படுகிறோம். ஆனால் நாய்க்கு முடி கொட்டி, தோல் உரிந்து, காது ஓரம் புண்ணாகிக் கிடந்தால் மட்டும் 'சொறி நாய்' என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம்.

அந்த ஒரு வார்த்தைக்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று லீஷ்மேனியா நோய். ஸ்பெயின், இத்தாலி, போர்ச்சுகல் முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளிலும், ஈரானிலும், பிரேசிலிலும் ஆடு மேய்ப்பவர்களும் சிறு விவசாயிகளும் நன்கு அறிந்த நோய் இது. நாயின் தோலில் தொடங்கி, நாளடைவில் அதன் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் குடிப்பது. அதே நாயின் தோலிலிருந்து கிளம்பி வீட்டுக் குழந்தையையும் தாக்கக் கூடியது.

நம் சமவெளிக் கிராமங்களில் நாய்களுக்கு வரும் தோல் நோய்க்கு இது வழக்கமான காரணம் அல்ல. ஆகவே யாரும் பயப்படத் தேவையில்லை. எனினும் இந்நோயைத் தெரிந்து கொள்வதில் நமக்கு இரண்டு லாபங்கள் உண்டு. இது நமக்கு அடுத்த மலைப் பகுதி வரை வந்து விட்ட கிருமி என்பது ஒன்று. ஒரு பிராணியின் தோலுக்குள் நோயும் நோய் எதிர்ப்புச் சக்தியும் எப்படி மல்லுக்கு நிற்கின்றன என்பதை இந்நோய் தெளிவாகக் காட்டுகிறது என்பது மற்றொன்று. அது புரிந்து விட்டால், கண்டதையெல்லாம் எடுத்து நாயின் மேல் பூச மாட்டோம்.

சென்னையில் தெரிந்த கிருமி

இந்தக் கிருமியின் வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற ஊரில் பணியாற்றிக் காய்ச்சலுடன் நாடு திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் விந்தையான சிறு உருண்டைகளை லீஷ்மன் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் கண்டார். அதை அவர் 1903-ல் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் என்ற டாக்டரும், நீண்ட நாள் காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் கொண்ட நோயாளிகளிடம் அதே உருண்டைகளைக் கண்டார். இருவரின் பெயரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனவனி' என்று பெயர் வைத்தவர், மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ். வங்காளத்திலும் பீகாரிலும் 'காலா அசார்' என்றும், நம் பக்கம் கருங்காய்ச்சல் என்றும் சொல்லப்படும் நோய்க்கு இதுவே காரணம்.

1908-ல் வட ஆப்பிரிக்காவின் டூனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல் என்ற விஞ்ஞானி நாய்களின் உடலிலும் இந்தக் கிருமி இருப்பதைக் கண்டார். மத்தியதரைக் கடல் பிரதேசத்திலும் பிரேசிலிலும் உள்ளது இதன் சகோதர இனம். அதற்கு 'லீஷ்மேனியா இன்பான்டம்' என்று பெயர். அதன் முக்கிய இருப்பிடமே நாய்தான். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, போர்ச்சுகல் ஆகிய நான்கு நாடுகளில் மட்டும் சுமார் 25 லட்சம் நாய்களின் உடலில் இக்கிருமி இருக்கலாம் என்று 2002-ல் கணக்கிட்டார்கள்.

கடிப்பது கொசு அல்ல

இந்நோயைப் பரப்புவது மணல் ஈ. பெயர்தான் ஈ, பார்வைக்குக் கொசுவைப் போலத்தான் இருக்கும். ஆனால் கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நீளம் 2 அல்லது 3 மில்லி மீட்டர். உடம்பெல்லாம் மெல்லிய ரோமம். உட்காரும்போது இரண்டு சிறகுகளையும் மேல் நோக்கித் தூக்கி வைத்துக் கொள்ளும். பறக்கும்போது ரீங்காரம் கேட்காது. தத்தித் தத்தித் தாழ்வாகவே பறக்கும். அந்தி சாய்ந்த பிறகு கடிக்கும். சாதாரணக் கொசு வலையின் கண்களில் கூடப் புகுந்து விடும்.

இதை ஒழிக்கத் தேங்கிய தண்ணீரை வடித்தால் போதாது. ஏனெனில் இது தண்ணீரில் முட்டையிடுவதில்லை. மாட்டுத் தொழுவத்தின் ஈரமான மண், சாணமும் இலைதழையும் மக்கும் இடம், மண் சுவரின் வெடிப்பு, எலி வளை, கறையான் புற்று ஆகியவைதான் இதன் பிறப்பிடங்கள். மணல் ஈயின் கடியால் மனிதருக்குக் காலா அசார் வரும் என்பதை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் இந்தியாவில் செய்த சோதனைகளின் மூலம் 1942-ல் நிரூபித்தார்கள்.

நோயுள்ள நாயைக் கடிக்கும் பெண் ஈ, இரத்தத்தோடு கிருமியையும் உறிஞ்சுகிறது. சில நாட்களில் கிருமி ஈயின் வயிற்றில் வால் முளைத்து நீந்தும் வடிவத்துக்கு மாறிப் பெருகுகிறது. அடுத்து அந்த ஈ எந்த நாயைக் கடிக்கிறதோ அதன் தோலுக்குள் கிருமி இறங்கி விடுகிறது. நாயின் உடலில் முடி குறைந்த மூக்கு, காது, கண்ணைச் சுற்றிய பகுதி, அடிவயிறு ஆகியவையே ஈக்கு வசதியான இடங்கள்.

காவலாளி வீட்டில் திருடன்

தோல் என்பது வெறும் உறை அல்ல. அது உடம்பின் வேலி. அந்த வேலியில் ஆங்காங்கே காவலாளிகளும் ஒற்றர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து கிருமி நுழைந்தால் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் அங்கு விரைந்து வருகின்றன. அவற்றுள் 'விழுங்கணு' என்று சொல்லத்தக்க ஒரு வகை உண்டு. கிருமியைக் கண்டால் அப்படியே விழுங்கித் தனக்குள் வைத்துச் செரித்து விடுவது அதன் வேலை. முள் குத்திய இடம் சிவந்து வீங்கிப் பிறகு தானே ஆறுவது இவற்றின் உழைப்பால்தான்.

மணல் ஈ ஊசி போலக் குத்தி உறிஞ்சுவதில்லை. தோலைக் கிழித்து, ஊறும் இரத்தத்தைக் குடிக்கிறது. அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும், அந்த இடத்துக் காவலைச் சற்று மந்தப்படுத்தும் பொருள்களும் இருக்கின்றன. கிழிந்த தோலைச் சீர் செய்ய வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன. விழுங்கணு, வழக்கப்படி லீஷ்மேனியா கிருமியையும் விழுங்கி விடுகிறது.

இங்கேதான் சூட்சுமம். மற்றக் கிருமிகள் விழுங்கணுவுக்குள் போனால் செத்துப் போகும். லீஷ்மேனியா சாவதில்லை. வாலை உதிர்த்து உருண்டையாக மாறி, விழுங்கணுவின் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து குட்டி போடுகிறது. திருடனைப் பிடிக்க வந்த காவலாளியின் வீட்டிலேயே திருடன் ஒளிந்து கொண்டு, அவன் சோற்றையே தின்று வளர்வதைப் போன்றது இது. ஒரு விழுங்கணு நிரம்பி வெடித்தால் வெளியே சிதறும் கிருமிகளை அடுத்தவை விழுங்கும். இப்படியே தோலிலிருந்து நெறிக்கட்டிகளுக்கும், மண்ணீரலுக்கும், கல்லீரலுக்கும், எலும்பு மஜ்ஜைக்கும் கிருமி போய்ச் சேருகிறது.

இரண்டு வழிகள்

ஆனால் கிருமி ஏறிய எல்லா நாய்களும் நோயில் விழுவதில்லை. ஒரே பட்டியில், ஒரே ஈயின் கடிபட்ட இரண்டு நாய்களில் ஒன்று கொழு கொழுவென்று இருக்கும். மற்றொன்று எலும்பும் தோலுமாகி விடும். காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி இரண்டு வழிகளில் எதைப் பிடித்துக் கொள்கிறது என்பதுதான்.

முதல் வழி: இரத்தத்தில் 'டி அணு' என்ற ஒரு வகை வெள்ளணு உண்டு. அது 'காமா இன்டர்பெரான்' என்ற பொருளைச் சுரந்து, விழுங்கணுவுக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது. "உன் வயிற்றுக்குள் திருடன் இருக்கிறான், அவனை அழித்து விடு" என்பதே அதன் பொருள். கட்டளை கிடைத்த விழுங்கணு நைட்ரிக் ஆக்சைடு என்ற நச்சுப் பொருளை உண்டாக்கி உள்ளே உள்ள கிருமியைக் கொல்கிறது. இந்த வழியில் செல்லும் நாய் பிழைத்துக் கொள்கிறது. கிருமி அடியோடு ஒழியாவிட்டாலும் அடங்கிக் கிடக்கும்.

இரண்டாம் வழி: டி அணுக்களின் குரல் எடுபடாமல், 'பி அணு' என்ற வேறு வகை அணுக்கள் எதிர்ப்பொருளை ஏராளமாகச் சுரக்கின்றன. எதிர்ப்பொருள் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். பல நோய்களில் அது நல்லதுதான். ஆனால் இங்கே கிருமி அணுவுக்குள் ஒளிந்திருக்கிறது. எதிர்ப்பொருளோ வெளியே இரத்தத்தில் ஓடுகிறது. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது தெருவில் அம்பு விடுவதால் என்ன பயன்?

பயன் இல்லாதது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு. அளவுக்கு மீறிய எதிர்ப்பொருள், கிருமியின் சிதறல்களோடு சேர்ந்து கட்டி கட்டியாகி இரத்தத்தில் சுற்றுகிறது. அவை சிறுநீரகத்தின் நுண்ணிய சல்லடைகளிலும், மூட்டுகளிலும், கண்களிலும் போய்ப் படிகின்றன. சல்லடை கெட்டதும் உடம்பின் புரதம் சிறுநீரில் வெளியேறுகிறது. கடைசியில் சிறுநீரகம் செயலிழந்து நாய் இறக்கிறது. லீஷ்மேனியா நோயில் நாய்கள் சாவதற்கு முக்கியக் காரணம் இதுவே. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இதனால்தான் இந்நோயில் எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருக்கும் நாயைப் பார்த்து டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள்.

தோல் சொல்லும் செய்தி

உள்ளே எந்த வழி வெற்றி பெறுகிறது என்பதை ஓரளவு தோலே சொல்லி விடும். அனுபவமுள்ள கால்நடை மருத்துவர்கள் அதைப் படிக்கக் கற்றிருக்கிறார்கள்.

சில நாய்களுக்கு முடி குறைந்த அடிவயிற்றிலும் காதின் உட்புறத்திலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் போன்ற தடிப்புகள் மட்டும் வரும். இளம் நாய்களிடம் இதைக் காணலாம். இவற்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைவு. டி அணுக்களின் வேலை பலமாக இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே ஆறி விடும்.

இன்னும் சில நாய்களுக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டி மூக்குக் கண்ணாடி போட்டது போல் இருக்கும். காது, முகம், முதுகு எங்கும் வெள்ளி நிறச் செதில்கள் பொடுகு போல உதிரும். இதுவே அதிகம் காணப்படும் தோற்றம். இத்தகைய தோலை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளணுக்கள் நிறையவும் கிருமிகள் ஒப்புநோக்கக் குறைவாகவும் இருக்கும். எதிர்ப்புச் சக்தி அந்த இடத்தில் இன்னும் போராடிக் கொண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது வகையில் தோலில் கழலைகளும், மூட்டின் மேல் ஆறாத புண்களும் உண்டாகும். இங்கே மேல் தோலின் ஒற்றர் அணுக்கள் அருகிப் போயிருக்கும். விழுங்கணுக்கள் ஒவ்வொன்றும் கிருமியால் நிறைந்து கிடக்கும். காவல் தோற்றுப் போன தோல் இது.

இவற்றோடு நகம் வளைந்து நீளமாக வளர்தல், நெறி கட்டுதல், மூக்கில் இரத்தம் வடிதல், கண் சிவந்து பீளை கட்டுதல், தீனி தின்றும் இளைத்துக் கொண்டே போதல், அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் சிறுநீர் கழித்தல் ஆகிய குறிகளும் காணலாம். ஒரு முக்கியமான வித்தியாசம்: சாதாரணச் சொறியில் நாய் இரவும் பகலும் சொறிந்து கொண்டே இருக்கும். லீஷ்மேனியா நோயில் பெரும்பாலும் அரிப்பு இருப்பதில்லை. ஈ கடித்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே சில மாதங்களும் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம்.

தீவு நாய் கற்றுத் தந்த பாடம்

ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த பலேரிக் தீவுகளில் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்படும் ஒரு நாட்டு இன நாய் உண்டு. ஒல்லியான உடல், நிமிர்ந்த பெரிய காதுகள், நீண்ட கால்கள். இபிசா வேட்டை நாய் என்பது அதன் பெயர். அத்தீவுகளில் மணல் ஈயும் கிருமியும் தாராளம். அங்கு கொண்டு வரப்பட்ட பாக்சர், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்கள் நோயில் எளிதாக விழுகின்றன. உள்ளூர் வேட்டை நாயோ அபூர்வமாகத்தான் படுக்கிறது.

மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கத் தோலில் மருந்து ஊசி போட்டு மூன்றாம் நாள் வீக்கத்தை அளப்பதைப் பால் பண்ணைகளில் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே, கொல்லப்பட்ட லீஷ்மேனியா கிருமியைத் தோலில் செலுத்தி இந்த நாய்களைச் சோதித்தார்கள். 2000-ல் வெளியான அந்த ஆய்வில், இபிசா வேட்டை நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊசி போட்ட இடம் தடித்தது. அதாவது கிருமி அவற்றையும் தொட்டிருக்கிறது; ஆனால் அவற்றின் டி அணுக்கள் விழித்திருக்கின்றன. மற்ற இன நாய்களிடம் இத்தகைய தடிப்பு அதைவிடக் குறைவாகவே காணப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த ஈயோடும் கிருமியோடும் வாழ்ந்து தேறியவை மிஞ்சியதால் இந்தச் சக்தி வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. நாட்டு நாய்க்கு எந்த நோயும் வராது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த மண்ணின் நோய்க்கு அந்த மண்ணின் இனம் தயாராக இருந்தது என்பதே இதன் பொருள்.

நன்றாக இருக்கும் தோலிலும் கிருமி

நோயுள்ள நாயின் புண்ணில் மட்டும் கிருமி இருந்தால் கட்டுப்படுத்துவது சுலபம். ஆனால் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத தோலிலும், முக்கியமாகக் காது மடலின் நுனியில், கிருமி இருக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுத்தமான மணல் ஈக்களை நாயின் மேல் கடிக்க விட்டு, பிறகு அந்த ஈக்களின் வயிற்றைச் சோதித்துப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். நோய்க் குறி தெரியும் நாய்களே ஈக்களுக்கு அதிகமாகக் கிருமியைக் கொடுக்கின்றன. ஆரோக்கியமாகத் தோன்றும் நாய்களில் சிலவும் கொடுக்கின்றன.

இந்தியாவில் காலா அசார் பரவுவது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான். ஆனால் அங்கும் தோல்தான் கிருமியின் பதுங்கு குழி. காய்ச்சல் குணமான சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து முகத்திலும் உடம்பிலும் வெளிறிய திட்டுகளும் தடிப்புகளும் வருகின்றன. 1922-ல் உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற வங்காள டாக்டர் இதை விவரித்தார். வலியில்லை, காய்ச்சலில்லை என்று அவர்கள் வைத்தியம் செய்து கொள்வதில்லை. மணல் ஈயோ அந்தத் தோலில் கடித்துக் கிருமியை எடுத்துக் கொண்டு போகிறது.

நாயைக் கொல்வதா, பட்டை கட்டுவதா?

பிரேசில் நாட்டில் பல்லாண்டுகளாக ஒரு திட்டம் நடந்தது. வீடு வீடாக நாய்களின் இரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்பொருள் இருந்தால் நாயைப் பிடித்துக் கொன்று விடுவது. குழந்தைகளைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று கருதினார்கள். ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. சோதனை முடிவு வந்து நாயை எடுத்துச் செல்வதற்குள் நாட்கள் ஓடின. அதற்குள் ஈக்கள் கடித்தன. பலர் நாயை ஒப்படைக்க மனமில்லாமல் ஒளித்தார்கள். ஒப்படைத்தவர்கள் சில வாரங்களில் வேறு குட்டியைக் கொண்டு வந்தார்கள். அந்தக் குட்டிக்கோ எந்த எதிர்ப்புச் சக்தியும் இல்லை. அது இன்னும் சுலபமாக நோயைப் பிடித்துக் கொண்டது.

வேறொரு வழியை வடமேற்கு ஈரானின் கிராமங்கள் காட்டின. அங்கே நாயைக் கொல்லவில்லை. டெல்டாமெத்ரின் என்ற பூச்சி மருந்து ஊறிய கழுத்துப் பட்டையை ஒரு பகுதிக் கிராமங்களின் நாய்களுக்குக் கட்டினார்கள். மற்றக் கிராமங்களை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டார்கள். பட்டையிலிருந்து மருந்து மெல்ல மெல்லத் தோலின் எண்ணெய்ப் பசையில் பரவி, ஈயைக் கடிக்க விடாமல் விரட்டுகிறது; கடிக்க வந்ததைக் கொல்கிறது. 2002-ல் வெளியான முடிவின்படி, பட்டை கட்டாத கிராமங்களில் நூற்றுக்குச் சுமார் 2.4 குழந்தைகளுக்குப் புதிதாகக் கிருமி தொற்றியது. பட்டை கட்டிய கிராமங்களில் அது சுமார் 1.5 ஆகக் குறைந்தது. நாயின் கழுத்தில் கட்டிய பட்டை, தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் காத்தது! பிரேசிலும் பின்னர் இத்தகைய பட்டைகளைத் தன் திட்டத்தில் சேர்த்துக் கொண்டது.

வைத்தியம் உண்டா?

உண்டு. ஆன்டிமனி கலந்த ஊசி மருந்தைச் சுமார் 4 வாரங்கள் தினமும் போடுவார்கள். அல்லது மில்டிபோசின் என்ற மருந்தை வாய் வழியே கொடுப்பார்கள். இதனுடன் அல்லோபியூரினால் மாத்திரையை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையோ, அதற்கு மேலுமோ தொடர வேண்டும். முடி முளைக்கும், புண் ஆறும், நாய் தேறும். தோலில் கிருமி குறைவதால் ஈக்குக் கொடுப்பதும் குறையும். ஆனால் கிருமி அடியோடு ஒழிவது அரிது. எதிர்ப்புச் சக்தி தளரும்போது மீண்டும் தலைதூக்கலாம். ஐரோப்பாவில் 2011 முதல் இதற்குத் தடுப்பூசிகளும் அனுமதிக்கப்பட்டன. அவை கிருமி ஏறுவதை முற்றிலும் தடுப்பதில்லை. டி அணுக்களைத் தட்டி எழுப்பி, நோய் முற்றாமல் பார்த்துக் கொள்கின்றன.

நம் பக்கத்து நிலை

கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்து மலைக் குடியிருப்புகளில் மனிதருக்குத் தோலில் வரும் லீஷ்மேனியா நோய் காணப்பட்டிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பகுதியில் வளர்ப்பு நாய்களின் உடலிலும் லீஷ்மேனியா டோனவனி கிருமி இருப்பதைப் புதுச்சேரியில் உள்ள நோய் பரப்பும் பூச்சிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் 2017-ல் வெளியிட்டார்கள். அந்த மலைக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் இருக்கின்றன. இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய முதல் தோல் நோயாளி 1992-ல் கண்டறியப்பட்டார். பிறகு அது பல மாவட்டங்களில் பரவியது. ஆகவே மலையடிவாரத்தில் பட்டி போட்டிருப்பவர்கள், அரிப்பில்லாமல் முடி கொட்டி இளைக்கும் நாயை அலட்சியம் செய்யக் கூடாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. நாய்க்குத் தோல் நோய் வந்தால் முதலில் என்ன நோய் என்று தெரிந்து கொள்ளுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் அது சொறி உண்ணியாகவோ, படர்தாமரையாகவோ, தெள்ளுப்பூச்சி, உண்ணிக் கடியாகவோ இருக்கும். தோலைச் சற்றுச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் கால்நடை மருத்துவர் பெரும்பாலும் சொல்லி விடுவார்.

2. எரிந்த எஞ்சின் ஆயிலைப் பூசாதீர்கள். நாய் அதை நக்கும், அது விஷம். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தை நாயின் மேல் தெளிக்காதீர்கள். முன்பு பலர் தூவி வந்த பி.எச்.சி. பொடி 1997-லேயே இந்நாட்டில் தடை செய்யப்பட்டு விட்டது.

3. ஸ்டீராய்டு கலந்த களிம்பையோ ஊசியையோ தானாகப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு நாளில் சிவப்பு அடங்கும்; ஆனால் தோலின் காவலாளிகளும் அடங்கி விடுவார்கள். பிறகு சொறி உண்ணியும் கிருமியும் இரட்டிப்பாகப் பெருகும். மாட்டுக்கு வாங்கி வைத்த ஊசி மருந்தை உத்தேச அளவில் நாய்க்குப் போடுவதும் ஆபத்து.

4. உண்ணியை ஒழியுங்கள். உண்ணி பரப்பும் இரத்த நோய்கள் சேர்ந்து கொண்டால் லீஷ்மேனியா போன்ற நோய்கள் வேகமாக முற்றுகின்றன. உண்ணி மருந்தையும் மருந்துப் பட்டையையும் மருத்துவர் சொல்லும் அளவில் பயன்படுத்துங்கள். நாய்க்கென்று உள்ள இந்த மருந்துகள் பூனைக்கு விஷம் என்பதை மறக்கக் கூடாது.

5. தொழுவத்தைச் சுத்தமாக வையுங்கள். சாணத்தை அன்றாடம் அள்ளி, வீட்டுக்குத் தள்ளியிருக்கும் எருக்குழியில் சேருங்கள். சுவர் வெடிப்புகளையும் எலி வளைகளையும் பூசி அடையுங்கள். மூத்திரம் ஊறும் தரையைச் சரிவாக்கி வடிய விடுங்கள். மணல் ஈ மட்டுமல்ல, மாட்டைத் தொல்லை செய்யும் மற்ற ஈக்களும் குறையும்.

6. வயிறு காய்ந்த நாயின் எதிர்ப்புச் சக்தி பலமாக இருக்காது. மிச்சச் சோற்றுடன் அவ்வப்போது முட்டை, கருவாடு, மோர் ஏதாவது ஒன்று சேரட்டும். குடற்புழு மருந்தைத் தவறாமல் கொடுங்கள்.

7. ஆண்டுக்கு ஒரு முறை வெறிநோய்த் தடுப்பூசி போட அழைத்துச் செல்லும்போதே தோலையும் காட்டி விடுங்கள். தனியாக ஒரு நடை தேவையில்லை.

8. லீஷ்மேனியா நோய் நாயைத் தொடுவதால் மனிதருக்கு ஒட்டாது. இடையில் மணல் ஈ கடிக்க வேண்டும். ஆனால் சொறியும் படர்தாமரையும் தொட்டாலே குழந்தைகளுக்கு ஒட்டக் கூடியவை. ஆகவே குணமாகும் வரை குழந்தைகள் நாயைக் கொஞ்ச வேண்டாம்.

நாயைத் தெருவில் விரட்டி விடுவதோ, அடித்துக் கொல்வதோ எந்த நோய்க்கும் மருந்தல்ல என்பது பிரேசில் கற்ற பாடம். இன்று மாலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பிறகு, வாசலில் படுத்திருக்கும் நாயைக் கூப்பிட்டுக் காது மடலையும் கண்ணின் ஓரத்தையும் அடிவயிற்றையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். இரவெல்லாம் நம் வீட்டின் வேலியைக் காக்கும் பிராணியின் உடம்பு வேலியை நாம் அந்த அளவாவது காக்க வேண்டாமா?